உப்புத் தண்ணீரில் போட்ட கோடு

“நீங்க போட்ட கோடு பொய்க்கோடு, டீச்சர்.”

கயித்தான் வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை அவிழ்க்கவும் இல்லை.

கித்தேரியம்மாள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“கோட்டுக்கு மேலே ஒரு விரல் முழுகலை. ஒரு மூட்டை கூடுதல் கிடையாது. நானே குனிஞ்சு பார்த்தேன். அப்புறம் எப்படித் தரை தட்டும்?”

அவள் இரண்டாவது தட்டைக் கையில் எடுத்தாள்.

“எந்தம்பி போய் நாப்பது நாள் ஆச்சு. நீங்களே சொல்லுங்க. உங்க கோடு தப்பா, நான் தப்பா?”

சிப்பித்துறையில் தோணிகளுக்குக் கோடு போடுவது கித்தேரியம்மாளின் பொறுப்பு. கன்னியர் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவள், வயது முப்பத்துநான்கு. சரக்கேறிய தோணி எதுவரை தண்ணீரில் தாழலாம் என்று கணக்கிட்டு, பக்கப்பலகையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பாள். கோடு நனையாதவரை, கடலேற்றத்தின் உச்சியில் தோணி ஆற்றுவாயின் மணல்திட்டைத் தாண்டிவிடும். அடிமரத்துக்கும் மணலுக்கும் இடையே நான்கு விரல் இடம் மிஞ்சும். அதற்குமேல் அந்தத் திட்டு யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

கயித்தான் தண்டல், தோணியைச் செலுத்தும் தலைவன். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அறுபது தடவை அந்தத் திட்டைத் தாண்டியவன். அறுபத்தோராம் தடவை, ஒரு கார்த்திகை மாத விடியலில், தோணி மணலில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலிருந்து வந்த அலை பாய்மரத்தை முறித்தது. மரத்தடியில் நின்றவன் அவன் தம்பி அமலன்.

தோணியைப் பிறகு மீட்டார்கள். மரமும் புதிதாக நட்டார்கள். கயித்தான் மட்டும் சுக்கானைத் தொடவில்லை. தொட்டால் கை நடுங்கியது.

கித்தேரியம்மாள் தட்டைக் கொக்கியில் மாட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அவனிடம் நீட்டினாள். கழுத்து குறுகிய, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குப்பி.

“நிரப்பிக்கிட்டு வாங்க, அண்ணே.”

“எதால?”

“எது கைக்குக் கிடைக்குதோ, அதால.”

அவன் படியிறங்கினான். வாசல் மணலை அள்ளி அள்ளித் திணித்தான். கொண்டுவந்து தட்டில் வைத்தான். வைத்தான் என்பதைவிடப் போட்டான் என்பதே சரி.

அவள் நிறுத்தாள். குப்பியின் எடையைக் கழித்தாள். சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினாள்: மணல், ஆயிரத்து அறுநூறு கிராம்.

“அடுத்தது?” என்றாள்.

“நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செய்யிறீங்க?”

“அடுத்தது கொண்டுவாங்க.”

அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையில் வந்தான். குப்பியில் அரிசி இருந்தது. ஏன் வந்தான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திராது. தூங்கவில்லை என்பது மட்டும் கண்ணில் தெரிந்தது.

அரிசி, எண்ணூறு.

அதற்கடுத்த நாள் தேங்காயெண்ணெய். தொள்ளாயிரத்து இருபது.

பிறகு உமி. நூற்றுப்பத்து.

அதே குப்பி. அதே கழுத்தளவு. சுவரில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

துறையில் பேச்சு கிளம்பியது. கயித்தானின் தோணியில் பாய் இழுக்கும் சந்தியாகு, உறவில் மருமகன் முறை, வாயை அடக்கத் தெரியாதவன்.

“என்ன மாமா, தண்டல் வேலையை விட்டுட்டு மளிகைக்கடை வைக்கப் போறீராமே? கால் கிலோ உமி கட்டும். வீட்டுக்குப் போறேன்.”

“போலே, சோலியப் பாரு.”

“சோலி எங்க இருக்கு? தண்டல் சுக்கான் பிடிச்சாத்தானே எனக்குச் சோலி.”

கயித்தான் குப்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அன்று மாலை அவன் ஆசிரியையிடம் முகம் தெளிந்து வந்தான்.

“புரிஞ்சிடுச்சு டீச்சர். கனமானது முழுகும். லேசானது மிதக்கும். இதுதானே? இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.”

கித்தேரியம்மாள் மேசையிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு சன்னல் பக்கம் விரலை நீட்டினாள்.

சன்னலுக்கு வெளியே, நூற்றிருபது டன் எடையோடு, ஒரு தோணி நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் ஆணியைப் பார்த்தான். தோணியைப் பார்த்தான். மறுபடி ஆணியைப் பார்த்தான்.

அன்றிரவு அவன் வீட்டில் சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

*

“இந்த ஆணி எவ்வளவு இடம் பிடிக்குது?” என்று ஒரு நாள் அவள் கேட்டாள். ஒரு கைப்பிடி ஆணிகளைத் தட்டில் வைத்திருந்தாள். எழுநூற்று எண்பது கிராம்.

“குப்பியில போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

போட்டான். ஆணிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. நடுவெல்லாம் வெற்றிடம். குப்பியில் பாதிக்குக் குறைவாகத்தான் வந்தன. ஆனால் அந்தப் பாதியில் இரும்பு எவ்வளவு, காற்று எவ்வளவு?

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினான். ஆணிகளை நிமிர்த்தி அடுக்கினான். கயிற்றால் கட்டிப் பார்த்தான். சுத்தியலால் தட்டிப் பார்த்தான்.

“டீச்சர், நான் தோணி விடுறவன். ஆணி அடுக்குறவன் இல்லை.”

“சரக்கறையில வேண்டாத காத்தை எது வெளியேத்தும், அண்ணே?”

“சரக்கு.”

“சரக்குக்கு நடுவுல தங்கிப்போன காத்தை?”

அவன் சட்டென்று எழுந்தான். குப்பியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பினான். ஒரு வட்டிலில் நிறுத்தினான். ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டான். ஒவ்வோர் ஆணிக்கும் கொஞ்சம் தண்ணீர் வழிந்தது.

கடைசி ஆணி இறங்கிய பிறகு வட்டிலில் வழிந்த தண்ணீரை நிறுத்தான். நூறு கிராம்.

“நூறு கிராம் தண்ணி இருந்த இடத்துல எழுநூத்தி எண்பது கிராம் இரும்பு உட்கார்ந்திருக்கு,” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. “ஏழே முக்கால் மடங்குக்கு மேலே.”

“ஏழு புள்ளி எட்டு. முக்கால்னு சொல்லாதீங்க. இதுக்குப் பேரு அடர்த்தி. எடையை, அது அடைச்சிருக்கிற இடத்தால வகுக்கணும்.”

“அப்ப தோணி?”

“தோணி அடைச்சிருக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க.”

அவன் நினைத்துப் பார்த்தான். பலகை மட்டும் தோணி இல்லை. பலகைக்கு நடுவில் அவன் நின்ற இடமும், மூட்டைக்கு நடுவில் கிடந்த காற்றும், எல்லாமே தோணி. வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டான். பிறகு முகம் இருண்டது.

“சரி. இதுக்கும் எந்தம்பிக்கும் என்ன சம்பந்தம்?”

“நீங்க இன்னும் தண்ணியை நிறுக்கலை.”

“தண்ணியை நிறுக்கிறதுக்கு என்ன இருக்கு? தண்ணி தண்ணிதானே?”

அவள் குப்பியைக் கழுவி, கவிழ்த்து, ஈரம் வடியவிட்டு, அவன் கையில் கொடுத்தாள்.

*

துறையில் அள்ளிய கடல்நீர், ஆயிரத்து இருபத்தைந்து.

கூரையில் பிடித்து வைத்த மழைநீர், ஆயிரம்.

“இருபத்தஞ்சு கிராம்,” என்றான் கயித்தான். “ஒரு கை உப்பு. இதுக்கா இவ்வளவு?”

அவள் இரண்டு எண்களையும் சுவரில் எழுதினாள்.

பங்குனி மாதத்தில் ஒரு சிறு வள்ளத்தில் ஆற்றுவாய்க்குப் போனான். துறையிலிருந்து ஒரு மைல். மணல்திட்டின்மேல், கடலேற்றத்தின் உச்சியில், தோணியின் அடிமரம் தாழும் ஆழத்திலிருந்து நீரை எடுத்தான். அந்த இடத்தில் துடுப்பை நிறுத்துவதற்குள் இரண்டு தடவை வள்ளத்தைத் திருப்பிவிட்டான். அங்கேதான் அமலன் விழுந்தான்.

கொண்டுவந்து நிறுத்தான். ஆயிரத்து இருபத்துநான்கு.

“பார்த்தீங்களா? கடலும் அதுதான், திட்டும் அதுதான். ஒரு கிராம் வித்தியாசம். நான் இதுக்கா அங்க போய் நின்னேன்?”

“அடுத்த வாரமும் போங்க.”

“எதுக்கு?”

“அடுத்த வாரத்துக்கு.”

சித்திரை, ஆயிரத்து இருபத்தைந்து. வைகாசி, ஆயிரத்து இருபத்தைந்து. ஆனியில் ஆறு வற்றி, திட்டு வரைக்கும் கடலே உள்ளே வந்து படுத்திருந்தது. சுவரில் எழுத இடமில்லாமல் போயிற்று. அவள் கதவில் எழுதினாள்.

“மாமா,” என்றான் சந்தியாகு, “கடல் மொத்தத்தையும் நிறுத்து முடிக்க இன்னும் எத்தனை குப்பி பாக்கி?”

கயித்தான் சிரிக்க முயன்றான். வரவில்லை.

உள்ளுக்குள் ஒரு பயம் வளர்ந்துகொண்டிருந்தது. எண்கள் மாறவே இல்லை. எண்கள் மாறாவிட்டால், தண்ணீரில் பிழை இல்லை. கோட்டிலும் பிழை இல்லை. மிஞ்சுவது ஒருவன்தான். அவன் அன்று சுக்கான் பிடித்தவன்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மேற்கே மழை பிடித்தது. ஆறு செந்நிறமாகப் புரண்டு வந்தது. கயித்தான் வழக்கம்போல் திட்டுக்குப் போய், அதே ஆழத்திலிருந்து நீரை எடுத்துவந்து தட்டில் வைத்தான்.

தட்டு மேலே எழும்பியது.

படிக்கல்லைக் குறைத்தான். இன்னும் எழும்பியது. மறுபடி குறைத்தான்.

ஆயிரத்து மூன்று.

குப்பியில் விரிசலோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இல்லை. கொட்டிவிட்டு மறுபடி வள்ளத்தை எடுத்தான். மறுபடி அள்ளினான். மறுபடி நிறுத்தான்.

ஆயிரத்து மூன்று.

அவன் தரையில் உட்கார்ந்தான். விரல்களை மடக்கினான். ஆயிரத்து இருபத்தைந்து தாங்கிய இடத்தில் ஆயிரத்து மூன்று. தாங்குவது குறைந்தால் தோணி இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் ஈடுகட்டும். எவ்வளவு? மூன்று விரல் இருக்கலாம். நான்கு விரல் இடத்தில் மூன்று போனால் மிஞ்சுவது ஒன்று. ஒரு சின்ன அலை போதும், அந்த ஒன்றை வாங்கிக்கொள்ள.

“அன்னைக்கும் மழைதான்,” என்றான். “கார்த்திகை. ஆறு இப்படித்தான் ஓடிச்சு. துறையில பார்க்கிறப்ப கோடு நனையலை, டீச்சர். துறையில நனையலை.”

அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த அறுபது தடவையும் வெயில் காலம்,” என்றான். “மழைக்காலத்துல நாங்க திட்டுப் பக்கமே போறதில்லை. அந்த ஒரு வருஷம்தான், வாடகை கூடுதலாத் தாரேன்னாங்கன்னு...”

தலை குனிந்து குப்பியின் ஈரத்தைத் துடைத்தான்.

பிறகு அவன் தலை நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“கோடு போட்ட அன்னைக்கே தெரியும்.”

“தெரியும், அண்ணே.”

“ஏன் சொல்லலை?”

“கோடு கேட்டாங்க. போட்டேன். எந்தத் தண்ணிக்குன்னு யாரும் கேக்கலை.” அவள் நிறுத்தினாள். ஆசிரியையாக இத்தனை ஆண்டுகளில் அவள் குரல் ஒருபோதும் அப்படித் தடுக்கியதில்லை. “கேக்கலைன்னாலும் சொல்லியிருக்கணும். சொல்லலை.”

கயித்தான் எழுந்தான். குப்பியை எடுத்தான். அதைச் சுவரில் அடித்துவிடுவான் என்று அவள் நினைத்திருக்கக்கூடும்; அவள் நகரவில்லை.

அவன் அதைக் கழுவினான். கவிழ்த்து வைத்தான்.

“நாளைக்கு வாறேன்,” என்றான்.

*

அந்த மாதக் கடைசியில் புயல் வந்தது.

ஆற்றின் மேல்கரையில் இருந்த ஊர் துண்டுபட்டுப் போயிற்று. பாலம் இல்லை. சாலை இல்லை. இருபுறமும் வெள்ளம். இரண்டாயிரம் வீடு. ஐந்து நாளாக அரிசி இல்லை என்று, தெப்பத்தில் வந்த ஒருவன் சொன்னான். அந்த இரண்டாயிரத்தில் ஒரு வீடு சலேத்துவுடையது. அமலனின் மனைவி, இரண்டு குழந்தைகள். கணவன் செத்தபின் தாய்வீட்டில் இருந்தாள். கயித்தான் பத்து மாதமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துறையில் புயலுக்குத் தப்பி முழுசாக நின்ற தோணி ஒன்றே ஒன்று. கயித்தானுடையது.

அரிசி மூட்டைகள் துறையில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ.

“கோடு வரைக்கும் ஏத்தினா ஆயிரத்து அறுநூறு மூட்டை,” என்றான் சந்தியாகு. “எண்பது டன். ஏத்தட்டுமா?”

“ஏத்துங்க. நான் தண்ணியை நிறுத்துட்டு வாறேன்.”

துறையோரத்திலேயே குனிந்து அள்ளிக்கொண்டு ஓடினான். நிறுத்தான். ஆயிரத்து இருபத்தைந்து. பெருமூச்சு வந்தது. குறைக்க வேண்டியதில்லை. எல்லா மூட்டையும் போகலாம்.

“டீச்சர், ஆயிரத்து இருபத்தஞ்சு!”

“எங்க அள்ளினீங்க?”

அவன் கையிலிருந்த குப்பியைப் பார்த்தான்.

மூட்டை ஏறுவது துறையில். தோணி தட்டுவது திட்டில். இதே பிழை. அச்சு அசலாக இதே பிழை. பத்து மாதம் குப்பி கழுவியும் அதே இடத்தில் போய் நின்றிருக்கிறான்.

குப்பியைக் கவிழ்த்தான். வள்ளத்தை நோக்கி ஓடினான்.

திட்டின்மேல் ஆழம் பழையபடியே இருந்தது. கழியை ஊன்றி மூன்று இடத்தில் பார்த்தான். ஆனால் நீர் வேறு. நிறுத்தபோது தராசு முள் அசையாமல் நின்றது. ஆயிரம். சுத்தமான ஆற்றுநீர். அந்த வெள்ளத்தில் கடலின் உப்பு ஒரு கல்கூட மிஞ்சவில்லை.

கதவில் இடம் தேடிக் கணக்கிட்டான்.

தோணி, பாய், கயிறு, குடிநீர், ஏழு ஆட்கள், எல்லாம் நாற்பது டன். அரிசி எண்பது. ஆக நூற்றிருபது. அவ்வளவையும் கோட்டுவரை தாங்கியது ஆயிரத்து இருபத்தைந்து. அதே கோட்டுவரை ஆயிரம் எவ்வளவு தாங்கும்?

நூற்றிருபதை ஆயிரத்தால் பெருக்கி, ஆயிரத்து இருபத்தைந்தால் வகுத்தான். ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து எழுபத்துமூன்று கிலோ.

குறைவது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு கிலோ. ஐம்பத்தெட்டு மூட்டை போதாது; ஐம்பத்தொன்பது இறக்கினால் இருபத்துமூன்று கிலோ மிச்சம்.

மறுபடி வகுத்தான். ஐம்பத்தொன்பது.

ஒன்பது தடவை வகுத்தான்.

“டீச்சர், ஐம்பத்தொன்பது. சரியா?”

அவள் படிக்கற்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சரியான்னு கேட்டேன்.”

பெட்டியை மூடினாள்.

அவன் துறைக்கு வந்தான். ஆயிரத்து அறுநூறு மூட்டையும் ஏறியிருந்தன. தோணி கோட்டில் நின்றது.

“நூறு மூட்டை இறக்கு,” என்றான்.

“எத்தனை?” சந்தியாகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான்.

“நூறு. இல்லை, இருநூறு.”

“மாமா, இப்பத்தான் ஏத்தினோம். முதுகு இருக்கா போச்சான்னு தடவிப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“முந்நூறு இறக்கு! சொன்னதைச் செய்யிலே!”

அவன் குரல் கிறீச்சிட்டது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டைகள் கரைக்கு வரத் தொடங்கின. தோணி மெல்ல மெல்ல எழும்பியது. கோட்டுக்குக் கீழே ஈரப்பலகை தெரிந்தது. அகலமான, பாதுகாப்பான ஈரம். கயித்தானுக்கு மூச்சு கொஞ்சம் சீராயிற்று.

கித்தேரியம்மாள் கரையோரம் வந்து நின்றாள். இறக்கிய குவியலைப் பார்த்தாள்.

“தண்ணி எத்தனை மூட்டை கேட்டுச்சு?”

“ஐம்பத்தொன்பது.”

“மிச்சத்தை யாரு கேக்குறா?”

அவன் குவியலைப் பார்த்தான். இருநூற்று நாற்பத்தொரு மூட்டை. ஒரு மூட்டை, ஒரு வீட்டுக்கு ஒரு மாதச் சோறு. ஆற்றுக்கு அப்பால் எந்த இருநூற்று நாற்பத்தொரு வீட்டு அடுப்பை அவன் அணைத்துவைத்தான்? அதில் ஒன்று சலேத்துவுடையதா?

“எனக்குப் பயமா இருக்கு, டீச்சர்.”

“தெரியுது.”

“ஏழு பேரு. திட்டுல மறுபடி உட்கார்ந்துச்சுன்னா...”

“ஆமா.”

“கணக்கு தப்பாயிருந்தா?”

“ஏழு பேரும் போயிடுவாங்க.”

அவள் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

கயித்தான் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். மறுபடி கட்டினான். மறுபடி அவிழ்த்தான்.

“சந்தியாகு.”

“என்ன மாமா, தோணியையும் இறக்கணுமா?”

“ஐம்பத்தொன்பது மூட்டையை மட்டும் கரையில விடு. பாக்கி இருநூத்து நாப்பத்தொண்ணையும் ஏத்து.”

சந்தியாகு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். “அந்தோனியாரே, இந்த மனுசனுக்கு ஒரு புத்தியைக் கொடும். ரெண்டு கொடுத்தீரே, அதுதான் தொந்தரவு.”

ஆனாலும் ஏற்றினார்கள்.

ஏற்றும்வரை கயித்தான் மூட்டைகளை எண்ணினான். எண்ணியதை இன்னொருவனை விட்டு எண்ணச்செய்தான். கோட்டுக்கும் நீருக்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியைக் குனிந்து பார்த்தான். இங்கே இவ்வளவு, அங்கே போனால் ஒன்றுமிராது. கோட்டில் நீர் வந்து நிற்கும். நிற்கவேண்டும். நிற்குமா?

கடலேற்றம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கிழக்கிலிருந்து கொண்டல்காற்று பாய்த்துணியைத் தொட்டுப் பார்த்தது. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் திட்டை அடையாவிட்டால் இன்றைக்கு இல்லை. மேல்கரைக்கு அது ஆறாவது நாள்.

ஆட்கள் இடம் பிடித்து நின்றார்கள். எல்லோரும் சுக்கானைப் பார்த்தார்கள். சுக்கானில் ஆள் இல்லை.

கயித்தான் கரையிலேயே நின்றிருந்தான்.

“டீச்சர்,” என்றான். “ஒரே ஒரு வார்த்தை. கணக்கு சரியா?”

அவள் கோட்டைப் பார்த்தாள்.

“நீங்க சரின்னா ஏறிடுவேன். தப்புன்னா இறக்கிடுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தலையையாவது ஆட்டுங்க.”

அவள் தலை அசையவில்லை.

“உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருக்கீங்க. அன்னைக்கு மாதிரியே.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

கித்தேரியம்மாள் கொஞ்சநேரம் அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். சேலைக் கொசுவத்தை இடுப்பில் சொருகினாள். ஏணிப்பலகையில் ஏறினாள்; பழக்கமில்லாததால் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். தோணிக்குள் இறங்கி, பாய்மரத்தடியில், அமலன் நின்ற அதே பக்கத்தில், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“டீச்சர்!” என்றான் சந்தியாகு. “உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் கித்தேரியம்மாள்.

கயித்தான் அவளைப் பார்த்தான். தோணியைப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. ஆட்கள் அவன் செபிக்கிறான் என்று நினைத்தார்கள்.

விறுவிறுவென்று பலகையில் ஏறினான். சுக்கானைப் பிடித்தான். கை நடுங்கியதா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை.

“டீச்சர், நீங்க எத்தனை கிலோ?”

“ஐம்பத்துநாலு.”

“இருபத்துமூணு கிலோதான் மிச்சம் வச்சிருக்கேன்,” என்றான் கயித்தான். “ஏலே சந்தியாகு, ஒரு மூட்டையை இறக்கு.”